படிக்கட்டுப் பெட்டி

மெயின் காலை ஐந்தரைக்கு எழுந்தார். படுக்கையறை மின்விசிறியை அணைத்தார். குளியலறை விளக்கைப் போட்டார், பல் துலக்கினார், அணைத்தார். ஹீட்டர் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். அணைந்திருந்தது. இருந்தாலும் ஒரு முறை போட்டு அணைத்தார். சமையலறையில் மிக்ஸி பிளக்கைப் பிடுங்கினார். ஹாலில் டிவி, இரண்டு சார்ஜர். படிக்கட்டுத் திருப்பத்தில் இரவு விளக்கு. வாசல் விளக்கு. அணைத்த ஒவ்வொன்றின் மேலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். டீ போட்டுக் குடித்தார். கேஸை மூடினார். நடக்கப் போனார்.

மாலை நாலரைக்கு நடக்கப் போகும்முன் இதே சுற்று இன்னொரு முறை நடக்கும்.

அவருக்கு அந்தப் பெயர் நூற்பாலையில் வந்தது. முப்பத்தோரு வருடம் கடைசி ஷிஃப்ட் முடிந்ததும் எல்லா எந்திரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்து, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுக் கடைசி ஆளாக வெளியே வருவது அவர் வேலை. பக்கத்து ஆலை, யாரோ அணைக்க மறந்த ஒரே ஒரு மோட்டாரால் பொழுது விடிவதற்குள் சாம்பலானது. இவருடைய ஆலையில் ஒரு திரி பஞ்சுகூடக் கருகவில்லை. ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, "மெயின் சுவிட்சே ஓய்வெடுக்கிறது" என்று யாரோ பேசினார்கள். அது ஓய்வெடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தது.

வீட்டில் அவர் தொடாத சுவிட்ச் ஒன்றே ஒன்று. டிவிக்குப் பக்கத்தில் இருந்த வைஃபை பெட்டியின் சுவிட்ச். பத்து மாதமாக அதன் பக்கம் கை போவதில்லை.

பத்து மாதத்துக்கு முன்னால் அவருடைய மகள் ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று மாலை நாலரைக்கு மெயின் வைஃபை பெட்டியின் மேல் புறங்கையை வைத்தார். சுட்டது. அணைத்தார். வெளிக் கேட்டைச் சாத்தும்போது மாடியிலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது: "ஹலோ... ஹலோ... கேக்குதா?" மெயின் நடந்தார். பூங்காவை நாலு சுற்று. திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. நுரையீரலில் ரத்தக்கட்டு என்றார்கள். ஐந்தே காலுக்கு முடிந்துவிட்டது என்றார்கள்.

"நாலு மணிக்கு மேல அவரோட வீடியோல பேசிட்டுத்தாங்க இருந்தா," என்று மனைவி அழுதுகொண்டே சொன்னாள்.

இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட அதிக நேரம் ஆகவில்லை. மகள் ஏதோ சொல்ல வந்திருக்கிறாள். நடுவில் அப்பன் சுவிட்சை அணைத்திருக்கிறான். அது உண்மையா இல்லையா என்று மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். பத்து மாதமாகக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமே.

மாப்பிள்ளையும் பேசுகிற ரகம் இல்லை. முன்பு கொஞ்சம் பேசுவார். இப்போது "சரி மாமா", "வேணாம் அத்தை", "பல் தேச்சியா" என்ற மூன்று வாக்கியத்தில் நாளை ஓட்டிவிடுவார். மூன்றாவது வாக்கியம் ஆறு வயது மகளுக்கு. துக்கத்துக்கு வந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. பொறுக்கமாட்டாமல் ஒரு சித்தி, "என்ன சொல்லியிருப்பா, எல்லாரையும் பாத்துக்கோன்னுதான் சொல்லியிருப்பா," என்றாள். மறுநாள் அது "சொன்னாளாம்" ஆனது. மூன்றாம் நாள் "கையைப் பிடிச்சுச் சொன்னாளாம்" ஆனது. வீடியோவில் எப்படிக் கையைப் பிடித்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை லிஃப்ட் கம்பெனி ஒன்றுக்கு வரைபடம் போடுகிறவர். வீட்டிலிருந்தே வேலை. மாடி அறைக்கு சிக்னல் வந்தாலும் வரும், வராவிட்டாலும் இல்லை. ஆகவே மடிக்கணினியை எடுத்துக்கொண்டு சிக்னல் வருகிற இடத்துக்கு இறங்கி வந்தார். அது படிக்கட்டின் ஏழாவது படி. லிஃப்டுக்குப் படம் போடுகிறவர் படிக்கட்டில் உட்கார்ந்து போட்டார். மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள்.

ஒரு திங்கட்கிழமை, துவைத்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிய அத்தை, அதாவது மெயினின் மனைவி, மாப்பிள்ளையைத் தாண்டினாள். மாப்பிள்ளையின் சார்ஜர் வயரைத் தாண்டவில்லை. இரண்டு படி சறுக்கி உட்கார்ந்தாள். அப்போது மடிக்கணினியில் நடந்துகொண்டிருந்த அலுவலகக் கூட்டத்தில் ஒன்பது பேர் அவளுடைய உள்பாவாடையைப் பார்த்தார்கள்.

"ஏங்க," என்றாள் அன்று மாலை. "ஒண்ணு அந்தச் சனியன் பிடிச்ச சிக்னல மாடிக்கு ஏத்துங்க. இல்லேன்னா என்னைக் கீழயே எறக்கி வச்சுடுங்க."

மறுநாள் கேபிள்காரம்மா வந்தாள். அந்தத் தெரு முழுக்க வயர் இழுத்தவள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் பை, காதில் பென்சில். போனில் தன் கணவனை வீடியோவில் கூப்பிட்டு, "பேசிட்டே இரு," என்று உத்தரவிட்டுவிட்டு வீட்டை அளந்தாள்.

"என்ன பேசறது?" என்றது போன்.

"இருபது வருஷமா பேசாததைப் பேசு."

ஹாலில் கணவன் தெளிவாக இருந்தார். சமையலறையில் கொஞ்சம் கட்டம் கட்டமாக ஆனார். படிக்கட்டு ஏறும்போது வாயைத் திறந்தபடி உறைந்தார். மாடியில் காணாமல் போனார்.

"நிம்மதியான வீடு," என்றாள் கேபிள்காரம்மா. "சார், ரவுட்டர் மேல தப்பே இல்ல. அது பாவம், தொண்டை கிழியக் கத்துது. உங்க சுவரு ஒண்ணரை அடி. போதாததுக்குப் படிக்கு அடியில ஒரு இரும்பு பீரோ நிக்குது பாருங்க, அதுதான் வில்லன்."

"அது எங்கப்பா வாங்கிக் குடுத்தது," என்றாள் அத்தை.

"பீரோ நல்ல பீரோம்மா. சிக்னலுக்குத்தான் ஆகல."

"அப்ப அந்தச் சிக்னல்தான் சரியில்ல."

பீரோ அசையாது என்று ஆனதும் கேபிள்காரம்மா வழிகளைச் சொன்னாள். விலை குறைவானது ஒன்று உண்டு. கீழே பேசுவதைக் கேட்டு மேலே ஒப்பிக்கும். ஆனால் ஒப்பிக்கிறபோது பாதியை விழுங்கிவிடும். மாடிக்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. இன்னொன்று மெஷ். மூன்று பெட்டி. மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்; வீடு முழுக்க ஒரே பெயர்; போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலிலிருந்து மாடிக்கு நடந்தால் ஒரு பெட்டி விட இன்னொரு பெட்டி பிடித்துக்கொள்ளும்.

மெயின் அவளை ஆலை இன்ஸ்பெக்டரைக் கேட்பதுபோல் கேட்டார்.

"மூணு பெட்டின்னா மூணு பிளக்கா?"

"மூணு பிளக்."

"மூணும் ராத்திரி பகல் எரியணுமா?"

"எரியணும்."

"சுடுமா?"

"லேசா வெதுவெதுன்னு இருக்கும் சார். கோழிக்குஞ்சு மாதிரி."

மெயின் முகம் இறுகியது. "நடுவுல இருக்கறது நின்னு போச்சுன்னா?"

"அங்கதான் சார் விஷயமே. உங்க வீட்டு அமைப்புக்குக் கீழ ஒண்ணு, படிக்கட்டுத் திருப்பத்துல ஒண்ணு, மாடியில ஒண்ணு. நடுவுல இருக்கறவன் படுத்தா மாடியில இருக்கறவன் அனாதை. சுவரைத் துளைச்சு வயர் போட்டா அந்தத் தொல்லை இல்ல."

"சுவர்ல கை வைக்காதீங்க," என்றாள் அத்தை. "போன வருஷம்தான் பெயிண்ட் அடிச்சது."

"அப்புறம், எல்லா போனும் ஒழுங்கா பெட்டி மாத்தும்னு சொல்ல மாட்டேன். சிலது பிடிவாதம் பிடிக்கும். மாடிக்குப் போனப்புறமும் கீழ இருக்கறதையே பிடிச்சுத் தொங்கும். ஒருவாட்டி அணைச்சுப் போட்டாத்தான் புத்தி வரும்."

அத்தை தன் கணவரைப் பார்த்தாள். "சிலதுக்கு அணைச்சுப் போட்டாலும் வராது," என்றாள்.

"மாப்பிள்ளை, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் மெயின்.

ஏழாவது படியிலிருந்து, "சரி மாமா," என்று பதில் வந்தது.

அவர் எதற்குச் சரி சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை. மெஷ் வாங்கப்பட்டது.

மூன்று வெள்ளைப் பெட்டிகள். கவிழ்த்து வைத்த கிண்ணம்போல் இருந்தன. நெட்வொர்க்குக்கு என்ன பெயர் வைப்பது என்று கேபிள்காரம்மா கேட்டாள். பேத்தி, "பூனை," என்றாள். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டதால் அதுவே ஆனது. பத்து நிமிடத்தில் பூனை வீடெல்லாம் நடமாடியது. கேபிள்காரம்மா மறுபடியும் கணவனைக் கூப்பிட்டுப் படியேறினாள். அவர் உறையவில்லை, காணாமல் போகவில்லை. அவள் மாடிக்குப் போன பிறகும், பூரிக்கட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதான் இதுல இருக்கற ஒரே கெடுதல்," என்று சொல்லி அவள் போனை அணைத்தாள். கிளம்பும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றாள். இரவு விளக்கைக் கழற்றிவிட்டு அதே பிளக்கில்தான் நடுப் பெட்டியைச் செருகியிருந்தாள். "இந்த சுவிட்சை மட்டும் யாரும் தொடக் கூடாது."

எல்லோரும் மெயினைப் பார்த்தார்கள். பேத்திகூடப் பார்த்தாள்.

"எனக்கென்ன பைத்தியமா?" என்றார் மெயின்.

வீட்டில் நல்ல மாற்றங்கள் நடந்தன. மாப்பிள்ளை மாடி அறைக்குத் திரும்பினார். ஏழாவது படி காலியானது. அத்தை மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போதே தன் அக்காவோடு வீடியோவில் பேசினாள். அக்கா ஒவ்வொரு துணியையும் பார்த்துக் கருத்து சொன்னாள். பேத்தி குளியலறையில் பொம்மைப் படம் பார்த்ததில் குளியல் ஒரு மணி நேரமானது. கெட்டதும் நடந்தது. பெட்டிகளின் தலையில் இருந்த சின்ன விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று அத்தை ஹால் பெட்டியைப் பித்தளைக் குடத்துக்குள் வைத்தாள். வீடு முழுக்கப் பூனை செத்தது. கேபிள்காரம்மா போனில், "குடத்துக்குள்ள விளக்கு வேணா வைக்கலாம்மா, வைஃபை வைக்கக் கூடாது," என்றாள். குடம் விலகியது. பூனை பிழைத்தது.

மெயின் ஹால் பெட்டியைத் தொடவில்லை. மாடிப் பெட்டியைத் தொடவில்லை. தன்னைப் பற்றி அவருக்கே பெருமையாக இருந்தது. ஒரு வாரம் ஓடியது.

வெள்ளிக்கிழமை மாலை நாலரை. சுற்று ஆரம்பமானது. குளியலறை, சமையலறை, ஹால், படிக்கட்டுத் திருப்பம், வாசல். செருப்பைப் போட்டார். வெளிக் கேட்டைச் சாத்தினார்.

மாடியிலிருந்து குரல் வந்தது.

"ஹலோ... ஹலோ... கேக்குதா?"

மெயினின் கை கேட்டின் தாழ்ப்பாளில் அப்படியே நின்றது. இந்த முறை அவர் நடக்கப் போகவில்லை. செருப்போடு உள்ளே ஓடினார். படிக்கட்டுத் திருப்பத்துக்கு வந்து பார்த்தார். பெட்டி இருட்டாக இருந்தது. புறங்கையை வைத்தார். கோழிக்குஞ்சு சூடு இன்னும் இருந்தது. பதினைந்து வருடமாகக் காலையும் மாலையும் இரவு விளக்கை அணைத்த கை, அங்கே விளக்கு இல்லை என்பதை அவரிடம் சொல்லவே இல்லை. தன் பாட்டுக்கு அணைத்துவிட்டு வந்திருந்தது.

சுவிட்சைப் போட்டார். பெட்டியின் தலையில் ஆரஞ்சு விளக்கு மினுக்கியது. மினுக்கிக்கொண்டே இருந்தது. ஆலையில் சுவிட்சைப் போட்டால் நூற்றுப் பன்னிரண்டு எந்திரமும் அடுத்த நொடி உறுமும். இது உள்ளங்கை அளவு இருந்துகொண்டு யோசித்தது.

"வாடா," என்றார் அதனிடம். "எந்திரிடா. என் ராசா இல்ல."

"தாத்தா, யாரோட பேசறீங்க?" என்று கீழிருந்து பேத்தி கேட்டாள்.

"பூனையோட."

"அது வராது. மூணு நிமிஷம் ஆகும். அப்பா சொல்லியிருக்கார்."

அவரால் மூன்று நிமிடம் நிற்க முடியவில்லை. மீதிப் படிகளை ஏறினார். மாப்பிள்ளை மேசைமுன் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒன்பது முகங்கள் உறைந்திருந்தன. ஒருவர் கொட்டாவி விடும்போது உறைந்திருந்தார்.

"மாப்பிள்ளை, நான்தான்," என்றார் மெயின்.

"தெரியும் மாமா."

"எப்படித் தெரியும்?"

மாப்பிள்ளை போனை நீட்டினார். அதில் ஒரு பட்டியல். சனி, மாலை 4.31, படிக்கட்டுப் பெட்டி துண்டிக்கப்பட்டது. ஞாயிறு, காலை 5.50, படிக்கட்டுப் பெட்டி துண்டிக்கப்பட்டது. ஞாயிறு, மாலை 4.30. திங்கள், காலை 5.51. பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. ஆலையின் வருகைப் பதிவேட்டில்கூட மெயின் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

"இது போட்டுக் குடுக்குமா?" என்றார்.

"ஆமா மாமா. அது இதுல ஒரு வசதி."

"யாருக்கு வசதி?" மெயின் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். செருப்பு காலிலேயே இருந்தது. "ஏன் மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லல?"

"ஏறி வரும்போது போட்டுட்டு வருவேன். சாயந்தரம் எறங்கிப் போய்ப் போடுவேன். ஒரு சுவிட்ச்தானே. இன்னிக்கு மீட்டிங் இழுத்துடுச்சு."

கீழே அத்தை மிக்ஸியைப் போட முயன்று, பிளக் பிடுங்கியிருப்பதைப் பார்த்து யாரையோ திட்டுவது கேட்டது. யாரை என்பதில் சந்தேகம் இல்லை. மெயின் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"பழைய பெட்டியும் இப்படி எழுதி வச்சிருக்குமா?"

"இல்ல மாமா. அதுக்கு எழுதத் தெரியாது."

"அப்ப நானே சொல்லிடறேன்." தொண்டையைக் கனைத்தார். கனைத்ததில் பாதி தைரியம் போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கும் நான்தான் அணைச்சேன்."

"என்னிக்கு?"

மெயின் நாளைச் சொல்லவில்லை. "நாலரை மணி. நீங்க அவகூடப் பேசிட்டிருந்தீங்க. நான் கேட்டைச் சாத்தறேன், மேல நீங்க ஹலோ ஹலோங்கறீங்க. ரெண்டு எட்டு வச்சுத் திரும்பி வந்து போட்டிருக்கலாம். போடல. நடக்கப் போயிட்டேன். அவ ஏதோ சொல்ல வந்திருப்பா. பாதியில நான்..."

மாப்பிள்ளை அவர் கையிலிருந்து போனை வாங்கி, அழைப்புகளின் பட்டியலைத் திறந்து மேலே தள்ளினார். பத்து மாதம் தள்ள வேண்டியிருந்தது. அலுவலகம், பள்ளிக்கூடம், அலுவலகம், பல் டாக்டர், அலுவலகம். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இங்க பாருங்க மாமா. நாலு பத்துக்கு அவ கூப்பிட்டிருக்கா. பன்னெண்டு நிமிஷம். நாலு இருபத்திரண்டுக்கு முடிஞ்சிருக்கு. அவளேதான் வச்சா."

மெயின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நாலு பத்து. பன்னிரண்டு நிமிடம். விரல்விட்டுக் கூட்டினார். நாலு இருபத்திரண்டுதான் வந்தது. நாலு இருபத்திரண்டுக்கு அவர் ஹீட்டரைக்கூட அணைத்திருக்கமாட்டார்.

"அப்ப அந்த ஹலோ ஹலோ?"

"அது மேனேஜர்."

"மேனேஜரா?"

"நாலரைக்கு மீட்டிங். லிஃப்ட் கதவு எந்தப் பக்கம் திறக்கணும்னு கேட்டார். நான் சொல்றதுக்குள்ள போயிட்டார்." மாப்பிள்ளை சற்று யோசித்தார். "அந்தக் கட்டடத்துல இப்ப ரெண்டு பக்கமும் திறக்குது."

மெயினுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அது முழுதாக வருவதற்குள் வேறொன்றாக மாறியது. சட்டை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார். மேசைக்கு அடியில் இருந்த மாடிப் பெட்டியில் விளக்கு நிலைத்தது. திரையில் கொட்டாவி விட்டவர் அதை முடித்தார். "லைன்ல இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளை, "அஞ்சு நிமிஷத்துல வர்றேன்," என்று சொல்லித் திரையை மூடினார். பத்து மாதத்தில் அவர் அலுவலகத்தைக் காக்க வைத்தது அதுதான் முதல்முறை.

"அவளே வச்சாளா?" என்று மறுபடியும் கேட்டார் மெயின்.

"அவளேதான் மாமா."

"அப்ப, கடைசியா... உங்க அத்தை சொல்றாளே, எல்லாரையும் பாத்துக்கோன்னு..."

"அது சித்தி சொன்னது. நான் சொல்லல."

"பின்ன அவ என்ன சொன்னா?"

"சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல மாமா. அதான் யார்கிட்டயும் சொல்லல."

"பரவால்ல. இருக்கறதச் சொல்லுங்க."

மாப்பிள்ளை போனைக் கட்டிலில் வைத்தார். குரலைத் தாழ்த்தவும் இல்லை, மெருகேற்றவும் இல்லை. அவள் சொன்ன மாதிரியே சொன்னார்.

"சரி, வைக்கறேன். பக்கத்துக் கட்டில் அம்மாவோட பல்செட்டக் காணோமாம். நான்தான் எடுத்து மாட்டிக்கிட்ட மாதிரி என்னையே பாக்குது."